சஞ்சீவனி சேர்த்த மைல்கள்

'அடிக்கடி பறக்கும் எங்கள் தங்க உறுப்பினர்' என்று விமான நிறுவனம் சஞ்சீவனியை அழைக்கிறது. கண்டிக்குப் பக்கத்தில் கலகெதரயில் ஹார்ட்வெயார் கடை நடத்தும் அவர், கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போனதெல்லாம் பிறரை வழியனுப்பத்தான். செலவுக்கு ஏற்ப விமான மைல்கள் தரும் வங்கி அட்டையில் சீமெந்துக்கும் தகரத்துக்கும் பணம் கட்டிக் கட்டியே, தரையை விட்டு எழாமல் நோர்வே வரை போய்வர மைல்கள் சேர்த்துவிட்டார்.

நோர்வேயில் அவருக்குச் சொந்தக்காரர் எவரும் இல்லை. இலங்கைத் தமிழருக்கு இது அபூர்வம். அவரிடம் இருந்தது ஒரு கேள்வி மட்டுமே. கோடையில் சூரியன் மறையாத அந்த நாட்டின் வடகோடி ஊரில், மாலை விளக்கை எப்போது ஏற்றுவது?

கண்டியில் டிக்கெட் போடும் பெண் உதட்டைப் பிதுக்கினாள். "ஜூன்ல மைல்ஸுக்கு சீட் இல்லக்கா. டிசம்பர்தான் இருக்கு. அத விட்டா இந்த மைல்ஸ் காலாவதி."

டிசம்பரில் அங்கே சூரியன் எழுவதே இல்லை. கணவர் சுரேஸுக்கு ஒரே சிரிப்பு. "இருட்டப் பாக்க நோர்வே எதுக்கு? கரண்ட் போனா இங்கயே பாக்கலாமே."

"சிரிங்க, சிரிங்க. நா கேள்விய மாத்திக்கிறேன். எப்ப ஏத்துறாங்கன்னு வேணாம், எப்ப அணைக்கிறாங்கன்னு பாத்துட்டு வர்றேன்."

"அதுக்குள்ள கடைய யாரு பாக்குறது?"

"நீங்கதான். ஆணி எந்த டப்பாவுல இருக்குன்னு அப்பவாவது தெரிஞ்சுக்குவீங்க."

டிசம்பரில் சஞ்சீவனி தனியாகப் போனார். கடன் வாங்கிய குளிர்ச்சட்டையோடு தெருத்தெருவாக நடந்து, நண்பகலிலும் ஜன்னல்களில் எரிந்த விளக்குகளைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பினார்.