எண்பத்தாறு கிலோ

நான் வேலை செய்கிற கந்தோரில் நாற்பது வயதைத் தாண்டிய எல்லோரையும் ஒருமுறை ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் உடம்பைச் சோதித்து வரச் சொன்னார்கள். நானும் முல்லைத்தீவு ரவுணுக்குப் போய்த் தராசில் ஏறினேன். எண்பத்தாறு கிலோ. கைப்பையை இறக்கி வைத்துவிட்டு இன்னொருமுறை ஏறினேன். எண்பத்தைந்தரை.

"இந்த உயரத்துக்கு இருபத்தஞ்சு கிலோ கூட, அக்கா," என்றா நேர்ஸ். "இரத்தத்தில சீனியும் எல்லையில நிக்குது. நாடு முழுக்க இப்ப இதுதான் பிரச்சினை, நீங்கள் மட்டும் இல்லை. சாப்பாட்டைக் குறைச்சு, நாளும் அரை மணித்தியாலம் நடந்து பாருங்கோ."

தண்ணீரூற்றில் எங்கள் வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த இவரின் கை நின்றது.

"சண்டை முடிஞ்சு முகாமில நாங்கள் குறைச்சுச் சாப்பிட்டது போதாதோ?"

அந்தநாளில் என் காப்பு முழங்கை வரைக்கும் ஏறி இறங்கும். மீளக் குடியேறி, முதல் நெல் வெட்டிய பிறகுதான் உடம்பு பிடித்தது. கண்டவர்கள் எல்லாம் "இப்பதான் ஆள் தேறியிருக்கிறாய்" என்றார்கள். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகு ஸ்கூட்டி வந்தது. கந்தோரில் காலையிலிருந்து நாலு மணி வரைக்கும் கதிரையில் இருப்பு, பத்து மணித் தேத்தண்ணியோடு ரோல்ஸ். எப்போது தேறினேன், எப்போது அளவு மீறினேன் என்று எனக்கே தெரியாது.

அடுத்த கிழமை நடக்கவென்று ஒரு சோடிச் சப்பாத்து வாங்கி, பின்னேரம் றோட்டில் இறங்கினேன். முதல் வளைவு தாண்டவில்லை, பக்கத்து வளவுத் தம்பி மோட்டார் சைக்கிளை நிறுத்தினான்.

"என்ன அக்கா, ஸ்கூட்டி பழுதோ? ஏறுங்கோ."

"இல்லை தம்பி, சும்மா நடக்கிறன்."

சும்மா நடக்கிற ஆளை எங்கள் ஊர் நம்பாது. மறுநாள் ஓட்டோக்காரர் ஒருவர் நின்றார். மூன்றாம் நாள் எங்கள் கந்தோர்க் காவலாளி. அவர் முகத்தை முறிக்க மனமில்லாமல் ஏறிவிட்டேன். வீட்டுப் படலையில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். நடந்தது பத்து நிமிசம்கூட இல்லை. பார்த்து நின்ற என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

நாலாம் நாள் தையல்கடை வாசலில் மறித்து யாரோ கேட்க, வெட்கத்தை விட்டுச் சத்தமாகவே சொன்னேன்: "உடம்பு குறைக்க நடக்கிறன்."

உள்ளே மெஷினில் இருந்த தையல்காரி எட்டிப் பார்த்தா. என்னைவிடப் பருமன், முழங்கால் நோவுக்காரி.

"நில்லுங்கோ, நானும் வாறன். எனக்கும் டொக்டர் சொன்னவர், தனிய நடக்கத்தான் ஒரு மாதிரிக் கிடந்தது."

"எனக்கும் வெட்கம்தான்," என்றேன்.

"உங்கட சட்டையளை வருசா வருசம் அகட்டித் தாறது நான்தானே. என்னட்டை என்ன வெட்கம்?"

இரண்டு பேரும் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் மூச்சு வாங்கி, பாலத்துக் கட்டுச் சுவரில் குந்தி இளைப்பாறித்தான் திரும்பினோம். பிறகு விடவில்லை. இரண்டு பேராக நடந்தால் யாரும் வண்டியை நிறுத்துவதும் இல்லை. இரவுச் சோற்றை நான் பாதியாக்கி, கீரையும் மீனும் கூட்டினேன். ஒருநாள் காலை குசினிக்குள் எட்டிப் பார்த்தால், இவர் சீனி போடாத தேத்தண்ணியை முகத்தைச் சுளித்தபடி குடித்துக்கொண்டிருந்தார்.

எட்டு மாதத்தில் எழுபத்தெட்டுக்கு வந்தேன். இன்னும் குறைக்க வேண்டும் என்றுதான் நேர்ஸ் சொன்னா. ஆனால் சீனி இறங்கிவிட்டது, மருந்துக் குளிசை தேவையில்லை. அன்று பின்னேரம் மழை தூறியது. இன்றைக்கு நடக்காமல் வீட்டில் நிற்பம் என்று நான் நினைக்க, தையல்காரி குடையோடு படலையில் வந்து நின்றா. ஒரே குடைக்குள் இரண்டு பேரும் அடங்கவில்லை. நனைந்துகொண்டே நடந்தோம்.