பீப்பாயின் வாய்

துறைமுகத்துப் பக்கம் பழைய கப்பல் சாமான் விற்பவர். இடுப்பில் சாரமும் மேலே பனியனுமாக இருந்தார். வீட்டில் இஞ்சி பீர் போட என் மகள் அவரிடம், கப்பலில் பீர் அடைத்து வந்த ஒரு எவர்சில்வர் பீப்பாயை எடுத்தாள். உள்ளே சுத்தமா என்று பார்க்க, குனிந்து அதன் வாய் வளையத்தை நெம்பினாள்.

"ஏளா, மூஞ்சிய எடு!"

நான் பதறிவிட்டேன். "காலிதானே அண்ணாச்சி?"

"பீருதான் காலி. கேஸ் உள்ளதான் கெடக்கு."

ஒதுங்கி நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு, வால்வைக் கம்பியால் அழுத்தினார். வெகுநேரம் சீறியது.

"இப்படியே கழட்டியிருந்தா கேஸ் தள்ளி உள்குழாய் பாஞ்சு வந்து பிள்ள தாடைய பேத்திருக்கும்."

சீறல் அடங்கியபின் வளையத்தையும் குழாயையும் கழற்றினார். "இப்ப பாரு தாயி, துரு கெடக்கா? இல்லன்னா சோடா உப்பு போட்டு வெந்நீர்ல கழுவு."

மகள் எட்டிப் பார்த்தாள். அவர் மட்டும் கடைசிவரை அந்த வாய்க்கு நேரே முகத்தைக் கொண்டுவரவில்லை. முன்பு யாருக்கு என்ன நடந்ததோ, கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.