மீட்டரம்மாவின் கழுத்து

என் மனைவி தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவள். பதினெட்டு வருடமாகச் சைக்கிளில்தான் வேலை. வாசலில் மணியடித்து, குழியின் மூடியைத் தூக்கி, குனிந்து எண்ணைப் படித்து, நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போவாள். அவள் பார்க்கும் அறுநூற்றுச் சொச்சம் வீடுகளிலும் அவளுக்குப் பெயர் மீட்டரம்மா. நாய்களுக்குக்கூட அவளை அடையாளம் தெரியும். குரைப்பது வேறு விஷயம்.

தைராய்டு கட்டியை அறுத்து எடுத்து ஏழு வாரம் ஆனபின், இனிச் சைக்கிள் ஓட்டலாம் என்று மருத்துவர் சொன்னார். மறுநாள் காலையே கிளம்பினாள். தெருமுனை வரை போய்த் திரும்பியவள், சைக்கிளைச் சுவரில் சாய்த்து ஓர் உதை விட்டாள்.

“பின்கழுத்துல யாரோ கையைப் போட்டு அமுக்குற மாதிரி இருக்கு. கட்டி இருந்தது முன்னாடி, வலிக்கிறது பின்னாடி. என்னத்தை வெட்டுனாங்களோ!”

அன்றைக்குப் பிடித்தது சனி. மூன்று தலையணை மாற்றினோம். தைலம் தேய்த்துத் தேய்த்து வீடே மருந்துக்கடை மாதிரி நாறியது. கூப்பிட்டால் கழுத்து திரும்பாது. அலமாரியை நகர்த்துவதுபோல ஆளே மொத்தமாகத் திரும்புவாள். ஒருமுறை சிரித்துத் தொலைத்தேன்.

“சிரிங்க, நல்லா சிரிங்க. உங்க கழுத்தா வலிக்குது?”

போதாக்குறைக்கு மேற்பார்வையாளர் போன் செய்தார். மாதக் கடைசிக்குள் சைக்கிள் ஓட்டத் தகுதி என்று சான்று வராவிட்டால், அவளை அலுவலகத்துப் புகார் கவுண்டரில் நிரந்தரமாக உட்கார வைத்துவிடுவார்களாம். போனை வைத்தவள் ஆளே மொத்தமாக என் பக்கம் திரும்பினாள்.

“நாள் பூரா ஒரே நாற்காலியில உட்காந்து திட்டு வாங்கணுமா? வாசல்ல வாங்குனா அடுத்த வீட்டுக்குப் போயிடலாம். அங்க எங்க போறது?” என்றாள். இவளை நாற்காலியில் கட்டிப்போட்டால் வீட்டில் நான் குடியிருக்க முடியாது.

பிசியோதெரபிப் பெண்ணுக்கு எங்கள் மகள் வயதுதான் இருக்கும். தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “தையல் பிரிஞ்சிடும்னு பயந்து கழுத்தை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே ஓட்டுறீங்கம்மா. அதான் வலிக்குது. தையல் எங்கயும் போகாது. தினம் இருபது நிமிஷம் ஓட்டுங்க. ஓட்டி முடிச்சதும் வலிக்குப் பத்துக்குள்ள ஒரு நம்பர் எழுதுங்க. ரெண்டு வாரம் கழிச்சுப் பாக்கலாம்.”

ஓட்டினாள், முனகிக்கொண்டே. வந்ததும் நோட்டை எடுத்து எழுதினாள். எட்டிப் பார்த்தால் மூடிக்கொள்வாள். “குறையுதா?” என்று கேட்டால், “குறையுறதாவது! ஏறிக்கிட்டே இருக்கு” என்பாள். பத்தாம் நாள், பேசாமல் கவுண்டருக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று அழுதாள். இத்தனை வருடத்தில் அவள் வேலைக்காக அழுது நான் பார்த்ததில்லை.

இரண்டு வாரம் கழித்து நோட்டைப் பிரித்த பிசியோ பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

“என்னம்மா இது, கடைசியில தொண்ணூத்தி நாலுன்னு போட்டிருக்கு? பத்துக்குள்ள எழுதச் சொன்னேனே?”

“பத்துக்குள்ளதான் பாத்தேன். முந்தின நாள் ரீடிங்கோட சேத்து எழுதினேன். வேற எப்படி எழுதுறது?”

“தினம் தினம் தனியா எழுதணும்மா.”

“அதெப்படி? நேத்து பட்டது இல்லைன்னு ஆயிடுமா? அதுக்கு மேலதானே இன்னைக்கு வலி!”

நான் சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டேன். அந்தப் பெண் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டுத் தயங்கினாள். “ஒண்ணும் புரியலையேம்மா. இறங்கின மாதிரியே தெரியல. இதை வெச்சு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?”

வந்ததே கோபம். பதினெட்டு வருடமாக ஒவ்வொரு வாசலிலும் சொன்னதை அப்படியே கொட்டினாள்: “மீட்டர் எங்கயாவது இறங்குமா? மொத்தத்தைப் பாத்துப் பயந்தா எப்படி? போன ரீடிங்குக்கும் இதுக்கும் எவ்வளவு ஏறியிருக்குன்னு பாருங்க!”

சொன்னவள் வாயை மூடினாள். நோட்டைப் பிடுங்கினாள். பென்சிலை எடுத்து, இரண்டிரண்டு எண்ணாகக் கழித்து ஓரத்தில் எழுதிக்கொண்டே போனாள். ஒன்பது, ஒன்பது, எட்டு, எட்டு, எட்டு, ஏழு. நடுவில் ஒருநாள் மறுபடி எட்டு. பிறகு ஏழு, ஆறு, ஆறு, ஐந்து, ஐந்து, நான்கு, நான்கு.

சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், என்னைத்தான் பிடித்துக்கொண்டாள். “ரெண்டு வாரமா குறைஞ்சுக்கிட்டே வந்திருக்கு, எனக்குத் தெரியவே இல்ல! கூடவே இருக்கீங்களே, நீங்களாவது சொல்லக் கூடாது?”

“நோட்டைக் காட்டுனியா நீ?” என்று கேட்க நாக்கு துடித்தது. அதற்குள் பிசியோ பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு சான்றில் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

வீட்டுக்கு இருவரும் சைக்கிளில் வந்தோம். அவள் முன்னால், நான் பின்னால். மேட்டில் எனக்கு மூச்சு வாங்கியது.

“சீக்கிரம் வாங்க! கழுத்து வலி எனக்கா உங்களுக்கா?”

திரும்பிப் பார்த்துக் கத்தினாள். உடம்பு ஹேண்டில்பாரோடு நேராக இருந்தது. கழுத்து மட்டும் திரும்பியிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. சொன்னால் மறுபடி இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டைத் திறந்து எழுதினாள். இந்த முறை மூடிக்கொள்ளவில்லை. எட்டிப் பார்த்தேன்.

தொண்ணூற்று ஏழு.