தேற்றாத்தீவாளின் பெயர்

தொழில் அதிகாரி மேசையில் விரித்த அந்தச் சேமலாப நிதிப் படிவம் இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது. முதல் கட்டத்தில் 'ஊழியரின் முழுப்பெயர்' என்று இருந்தது. அந்த ஒரு கட்டம் எங்கள் முதலாளியின் வாயை அடைத்ததைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் ஆசை அடங்குவதில்லை.

யுத்த காலம். தன்னாமுனைப் பக்கம் ஒரு நெல் ஆலையில் நான் கிளாக்கர். முதலாளி நல்ல மனுசர்தான், ஆனால் சேமலாப நிதி என்றால் அவருக்கு வேப்பங்காய். வேலையாட்களின் முதுமைக்கென்று முதலாளியும் மாதாமாதம் பங்கு கட்ட வேண்டுமாம். வீட்டுக்குள் அந்நியன் நுழைவதாகவே அந்தச் சட்டத்தை நினைத்தார். வர்த்தகர் கூட்டத்தில் எழுந்து, "என்ட ஆக்கள் என்ட புள்ளைகள். காய்ச்சலெண்டாலும் கலியாணமெண்டாலும் நான் பாக்கிறன். தகப்பனுக்கும் புள்ளைக்கும் நடுவில சட்டம் எதுக்கு?" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். குறிப்பெழுதப் போன நானும் தட்டினேன், வெட்கக்கேடு.

அதையே ஆலையைச் சோதிக்க வந்த தொழில் அதிகாரியிடமும் சொன்னார். அதிகாரி முற்றத்தில் நெல் அவித்துக்கொண்டிருந்தவளைக் காட்டி, "அவவின்ட பேர் என்ன?" என்று கேட்டார்.

"தேற்றாத்தீவாள்."

"அது ஊர். பேர்?"

பதினேழு வருடம் எங்களுக்கு நெல் அவித்தவள். புருசன் காணாமல் போனபின் மூன்று பிள்ளைகளோடு நெல் அவிக்கும் அந்தப் பெரிய கிடாரத்தையே நம்பி நின்றாள். ஆலை மூடினால் அவளுக்கு வேறு கதியில்லை. முதலாளி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். எனக்கும் தெரியாது.

அவளே புகைக்குள்ளிருந்து வந்து அடையாள அட்டையை மேசையில் வைத்தாள்.

"தமிழ் தெரியாத ஆமிக்காரனே சோதனைச் சாவடியில தினம் என்ட பேரை வாசிக்கிறான் முதலாளி. நீங்க ஒருக்காலும் கேக்கல்ல."

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். பிறகு என் பேனையை வாங்கிக்கொண்டு, "நான் எழுதுறன். சொல்லுகா" என்றார்.

"சின்னத்தம்பி பூரணம்."

அவ்வளவுதான், உமி அள்ளியவர்களும் மூட்டை சுமந்தவர்களும் போட்டது போட்டபடி ஓடி வந்து, நான் முந்தி நீ முந்தி என்று பெயர் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பழைய வருடங்களுக்கும் சேர்த்தே முதலாளி கட்டினார்.

அடுத்த சண்டையில் ஆலை எரிந்தது, முதலாளியின் முதலும் அதோடு போயிற்று. ஐம்பது வயதில் பூரணத்துக்குச் சேமலாப நிதிப் பணம் கிடைத்தது, கூரைக்கு ஓடு போட்டாள். அதைப் பார்க்க முதலாளி பழைய சைக்கிளில் வந்தார். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, அண்ணாந்து புது ஓடுகளைப் பார்த்துச் சொன்னார்:

"அண்டைக்கு என்ட பேரையும் அந்தப் படிவக் கட்டத்தில எழுதியிருக்கலாம் பூரணம்."