உகந்தையால் தப்பினோம்

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அப்படியிருந்தும் ஒரு நெல்லு மில், மீனுக்கு ஒரு ஐஸ் வாடி, சண்டைக் காலத்தில் மூன்று தரம் எரிந்து மூன்று தரம் எழும்பிய கல்வீடு, எல்லாம் இந்தக் கை கட்டியவை. போன கிழமை ஊர் வரலாற்றுப் புத்தகத்தை வெளியிட்டபோது முதல் பிரதி எனக்குத்தான் தந்தார்கள். தராமல் முடியுமா, வெளியீடு நடந்த மண்டபத்துக்குக் கூரை போட்டவனே நான்தான்.

வீட்டில் வந்து விரித்தால் பசை மணம். அது என்னைத் தோணிக்குக் குங்கிலியம் காய்ச்சிய நாட்களுக்குக் கொண்டுபோய்விட்டது. அங்கே உகந்தை நின்றாள்.

உகந்தை என்றதும் தெற்கே காட்டோரத்து முருகன் கோயிலை நினைப்பீர்கள். அதுவும் சரிதான். தாய் நிறைமாதத்தோடு கதிர்காமத்துக்கு நடந்துபோன வழியில், அந்தக் கோயிலடியில் பிறந்தவள். கோயிலின் பேரையே வைத்துவிட்டார்கள். அந்தப் பேரில் இன்னொரு ஆளை நான் கண்டதில்லை. பக்கத்து வீட்டு வளவில் இருந்தவள். புருசன் செத்த பிறகு அவன் வலையோடு வாவியில் இறங்கியவள். தச்சனாக நான் செய்த முதல் தோணி அவளுக்குத்தான். அதைப்பற்றி நான் பீற்றிக்கொள்ளும்போதெல்லாம் சொல்வாள்:

“தோணி நல்லம்தான் அண்ணன். உங்கட புளுகையும் ஏத்தினா தண்ணிக்குள்ள தாண்டு போயிரும்.”

சுட்டுக்கொண்டு வந்தவர்களுக்குப் பயந்து ஊர் கிளம்பி ஓடிய அன்று, வாவியின் கிழக்கே எங்கள் எழுவான்கரையிலிருந்து மேற்கே படுவான்கரைக்கு, சனத்தை அந்தத் தோணியில் ஏற்றிக் கம்பூன்றிக் கடத்தியவள் அவள். காலையில் தொடங்கியது, மத்தியானம்வரை ஓயவில்லை.

புத்தகத்தில் அந்த நாளும் இருக்கிறது. எழுத்துக்கூட்டித்தான் வாசித்தேன். ‘ஊர் மக்கள் உகந்தை வழியாகத் தப்பிச் சென்றனர்.’ பக்கத்தில் ஒரு படம் வேறு, தெற்கே உகந்தைக்கு அம்புக்குறி போட்டு. குஞ்சு குருமான்களோடு அவ்வளவு தூரம் காட்டுக்குள்ளால் நடந்தோமாம்.

எழுதிய வாத்தியாரிடம் போனேன். அந்த நாளில் தொட்டிலில் கிடந்த ஆள்.

“என்னகா தம்பி இது? உகந்தை இடமில்ல, ஒரு பொம்புள.”

புத்தகத்துக்காக முன்பு பதிந்த என் குரலையே அவர் கைபேசியில் போட்டுக் காட்டினார். ‘எங்கட சனமெல்லாம் உகந்தையாலதான் தப்பின.’

“கல்முனையால வந்தன், கொழும்பால வந்தன் எண்டுதானே நாம கதைக்கிற ஐயா. உகந்தை வழியா எண்டுதான் நானும் விளங்கின. மறுகா நீங்க மில் கட்டின கதைக்குப் போயிட்டீங்க. அவவைப் பத்தி ஒண்டும் சொல்லல்ல.”

உண்மைதான். சொல்லவில்லை. மில்லைப் பற்றிச் சொல்வது எனக்கு லேசு.

சொல்லாமல் விட்டது இது. சனமெல்லாம் படுவான்கரையில் ஏறிய பிறகு எனக்கு உளிப்பெட்டி ஞாபகம் வந்தது.

“தங்கச்சி, பெட்டி கொட்டிலுக்குள்ள கிடக்கு. அது இல்லாட்டி எனக்குக் கை ரெண்டும் இல்ல.”

“இப்ப அங்க வந்திருப்பானுகள் அண்ணன்.”

“வரமாட்டானுகள். ஒரு எட்டுப் போயிட்டு வா.”

“கொண்டாந்தா எனக்குப் புதுக் கம்பு ஒண்டு சீவித் தரணும்” என்று சொல்லித் தோணியைத் திருப்பினாள். கண்டல் மரங்களுக்கு அப்பால் போனது தெரிந்தது. பிறகு வெடிச் சத்தம்தான்.

மாதங்கள் கழித்து ஊர் திரும்பினோம். தோணியும் இல்லை, அவளும் இல்லை. பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. அதைத் திறந்துதான் மறுபடி தொழில் தொடங்கினேன்.

அவளுக்குப் பிள்ளையில்லை, ஒரு படம்கூட இல்லை. வளவு காடுபற்றிப் போனது. பேர் அச்சில் ஏறியது இந்த ஒரு தரம்தான், அதிலும் ஆளை ஊராக்கிவிட்டோம்.

அடுத்த பதிப்பில் திருத்துவதாக வாத்தியார் சொல்கிறார். உகந்தை ஒரு பெண் என்று திருத்தினால் மட்டும் போதாது. உளிப்பெட்டிக்காக அவளைத் திருப்பி அனுப்பியவன் யார் என்றும் எழுத வேண்டும். என் பேரை முழுதாக, பிழையில்லாமல் போட வேண்டும்.