கொமரலிங்கத்து மண்ணுடன் பல்லடம் வரை

காலை 5.20. உடுமலைப்பேட்டையில் கொமரலிங்கம் பேருந்து ஏறினேன். கையில் கடப்பாரை, மண்வெட்டி, சின்னதாக ஒரு மின்னணுத் தராசு. நடத்துநர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கிணறு வெட்டுகிறவருக்கு இவ்வளவு தொப்பை இருக்காது என்று தீர்மானித்திருப்பார். சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

எனக்கு வயது நாற்பத்தொன்பது. சென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே ஏழு வருடமாக முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும் கரிசல் மண்ணின் மேல் போட்ட சாலை ஏன் அலையலையாகிறது என்பதுதான் ஆய்வு. கொமரலிங்கத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒரு சாலை உண்டு. இரண்டு முறை வந்து மண்ணெடுத்தேன். இரண்டு முறையும் ஈரப்பதக் கணக்கு ஒத்துவரவில்லை. இது மூன்றாவது முறை. மறுநாள் சாலையைப் பெயர்த்துக் கிராவல் கொட்டப்போகிறார்கள். அதற்கப்புறம் இந்த மண் கிடைக்காது. இந்த முறையும் தவறினால் அந்த அத்தியாயத்தையே எடுத்துவிடலாம் என்றார் என் நெறியாளர். என்னைவிட ஆறு வயது இளையவர். அதனால் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

6.40. மூன்றடிக்குக் குழி தோண்டி, ஆறு ஆழங்களில் எடுத்த மண்ணை ஆறு பிளாஸ்டிக் பைகளில் கட்டினேன். ஈரம் ஆவியாகும் முன் எடைபோட வேண்டும். களைப்பாக இருந்தது, உட்கார்ந்தேன். உட்கார்ந்தது தராசின் மேல். அது இருநூறு கிராம் வரை தாங்கும். நான் தொண்ணூற்றிரண்டு கிலோ.

சாப்பாட்டுத் தூக்கோடு அந்த வழியாக வந்தவர் தனலட்சுமி. போன இரண்டு முறையும் என்னை இதே குழிக்குள் பார்த்தவர்.

"ஏனுங்க சார், மறுக்காவும் வந்துட்டீங்களா? போன தடவ எடுத்த மண்ணு பத்துலீங்களா?"

நடந்ததைச் சொன்னேன். எவ்வளவு நுணுக்கமாக எடை வேண்டும் என்று கேட்டார். கிராமில் நூறில் ஒரு பங்கு வரை என்றேன்.

"எங்க கம்பெனில இருக்குதுங்க. துணிய வட்டமா வெட்டி எடை பாக்கறது. வேன்ல வாங்க."

பல்லடம் தாண்டி ஒரு பனியன் கம்பெனியில் அவர் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறார். இந்தச் சாலையில் ஒருமுறை அச்சு முறிந்ததிலிருந்து கம்பெனி வேன் ஊருக்குள் வருவதில்லை. காலையிலும் இருட்டிய பிறகும் இரண்டு கிலோமீட்டர் நடை.

7.15. வேன் ஓட்டுநர் பைகளைப் பார்த்து, மண்ணுக்கும் தனி சீட்டு வேண்டுமா என்று கேட்டார். வெயில் படக்கூடாது என்று நான் சொன்னதும் ஆறு பெண்கள் ஆளுக்கொன்றாக வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்கள். அறுபது கிலோமீட்டருக்கு மேல் என் அத்தியாயம் ஆறு மடிகளில் பயணம் செய்தது. வழியில் நின்றபோது ஒரு டீ, பதினைந்து ரூபாய். ஓட்டுநர் என்னைக் கொடுக்கவிடவில்லை.

8.55. கம்பெனி மேலாளர் பைகளைப் பார்த்ததும் முகம் சுளித்தார். உள்ளே முழுக்க வெள்ளைத் துணி.

"ஒரு பொட்டுப் பட்டாலும் லாட்டே ரிஜெக்ட்டுங்க சார். வேற எங்காச்சும் பாருங்க."

"எங்கூரு ரோட்டு மண்ணுதாங்க சார்," என்றார் தனலட்சுமி. "நாங்க தெனமும் கால்ல மிதிச்சுட்டு வர்றதுதானுங்க."

மேலாளர் என் சட்டையைப் பார்த்தார். என்னிடமே ஒரு லாட்டுக்குத் தேவையான சேறு இருந்தது. பைகள் உள்ளே போகலாம், நான் போகக்கூடாது என்று முடிவாயிற்று. ஜன்னலுக்கு வெளியே குறிப்பேட்டோடு நின்றேன்.

பைகளைத் துடைத்து உள்ளே கொண்டுபோன தனலட்சுமி உடனே எடைபோடவில்லை.

"வெறும் பை ஒண்ணு குடுங்க சார்."

"எதுக்குங்க?"

"பையோட எடையக் கழிக்கோணுமுங்களே."

இருபது கிராம் மண்ணுக்கு மூன்று கிராம் பை. இரண்டு பயணத்திலும் ஈரமண்ணைப் பையோடு எடைபோட்டிருக்கிறேன், காய்ந்த மண்ணைப் பையில்லாமல். பிளாஸ்டிக்கையெல்லாம் ஈரம் என்று எழுதி, அதற்கு வரைபடமும் போட்டிருக்கிறேன். முதலாமாண்டு மாணவன் இதைச் செய்தால் நான் மதிப்பெண் போடமாட்டேன். மூன்று முறையும் ஒரே கட்டிலிருந்து எடுத்த பைகள்தான். கழித்துப் பார்த்தால் பழைய கணக்குகளும் சரியாகிவிடும். அவரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. தராசைவிடப் பெரிய உதவி அது.

9.30. ஆறு எடைகளும் எழுதியாயிற்று. எங்கள் கல்லூரியில் இப்படி ஒரு தராசைத் தொட மூன்று கையெழுத்து வேண்டும். இங்கே பத்து மணிக்குள் மண்ணும் நானும் கரையேறிவிட்டோம். ஆய்வேட்டில் அவர் பெயரைப் போடுகிறேன் என்றேன்.

"பேரெல்லாம் எதுக்குங்க. நாளைக்குப் போடற ரோடு நிக்குமுங்களா?"

கிராவலுக்கு அடியில் அதே கரிசல்தான் இருக்கும். பொய் சொல்ல வரவில்லை. இரண்டு மழைக்குத் தாங்கலாம் என்றேன்.

"அப்பச் சீக்கிரம் எழுதி முடிங்க சார்."

எப்போது முடிப்பீர்கள் என்று ஏழு வருடமாக எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். தனக்கு வேண்டும் என்பதற்காகக் கேட்டவர் இவர் ஒருவர்தான். பிற்பகல் திருப்பூரில் ரயிலேறினேன். ஈரோடு வருவதற்குள் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். என் வேகம் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.