அம்மாவின் செட்டில்மென்ட்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். அப்பா, அம்மா, பத்து வயது நான், பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் குடியிருந்த புதுக்கோட்டை மாமா, எங்கள் தோட்டத்தை வாங்க வந்திருந்த ரிசார்ட்காரர். கூடவே ஒரு பெட்டி ஆப்பிள். அதையும் கணக்கில் சேர்க்கிறேன். அம்மா முதலில் சந்தேகப்பட்டது அந்தப் பெட்டியைத்தான்.

ஷார்ஜாவில் ரோலா பக்கம், மூன்றாவது மாடி. ஒரு ஹாலைப் பலகை அடித்து இரண்டாக்கி, ஒரு பாதியை அப்பா எங்களுக்காக ஒரு மாத வாடகைக்குப் பிடித்திருந்தார். பலகை கூரையைத் தொடாது. அந்தப் பக்கம் மாமா இருமினால் இந்தப் பக்கம் நான் விழித்துக்கொள்வேன். சமையலறை எல்லாருக்கும் பொது.

எங்கள் தோட்டம் கொடைக்கானல் மேல்மலையில் இருக்கிறது. இருநூறு ஆப்பிள் மரம், ஓரமாகக் கொஞ்சம் பிளம்ஸ். ஆப்பிள் என்றதும் காஷ்மீரை நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் பழம் கைக்குள் அடங்கும், கடித்தால் ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும். பட்டா அப்பா பெயரில். மற்ற எல்லாம் அம்மா. மார்கழியில் இலை உருவி மரத்தை மொட்டையாக்குவது, ஏணி போட்டு ஏறிக் கவாத்து வெட்டுவது, பிஞ்சு நெருக்கமாகப் பிடித்தால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு பாதியைக் கிள்ளி எறிவது, காட்டுமாடு இறங்கினால் டின் தட்டுவது, கடைசியில் வத்தலக்குண்டு வியாபாரியிடம் தொண்டை கட்டும்வரை பேரம் பேசுவது. சித்தியும் இன்னும் நாலைந்து பெண்களும் கூட நிற்பார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அப்பா லீவில் வந்து மரத்தடியில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்.

ஒன்பது வருடமாக எங்களைக் கூப்பிடாத அப்பா, அந்த மே மாதம் திடீரென்று விசிட் விசா அனுப்பினார். பிஞ்சு எலுமிச்சை அளவுக்குத் திரண்டிருக்கும் நேரம். தோட்டத்தை விட்டு யாரும் நகரமாட்டார்கள். 'கூப்பிட வேற மாசமே கிடைக்கலையா இவருக்கு' என்று அம்மா பெட்டி கட்டும்போதே ஆரம்பித்தாள். விமானத்தில் அவள் சாப்பாட்டைத் தொடவில்லை. நானும் தொடவில்லை. பயப்படுவதற்கு எனக்குக் காரணம் தேவைப்பட்டதே இல்லை. பின்னாளில், மலைப்பாதையில் வேன் உருண்டுவிடும் என்று பயந்தே ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திக்கொண்டவள் நான்.

வந்த நாலாம் நாள் விஷயம் வெளியே வந்தது. அப்பா தோட்டத்தை விற்கப்போகிறார். வாங்குபவர் திண்டுக்கல்காரர், துபாயில் பிசினஸ், மேல்மலையில் ரிசார்ட் கட்ட இடம் தேடுகிறார். அந்தப் பணத்தில் அஜ்மானில் ஒரு கஃபெட்டேரியாவில் பங்கு போட்டால் நாங்களும் இங்கேயே வந்துவிடலாம் என்றார் அப்பா. ஏசி டக்ட் வேலையில் ஒன்பது கோடையைப் பார்த்தவர். நிழலில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார ஆசைப்பட்டதில் தப்பில்லை என்று இப்போது தோன்றுகிறது. சிக்கல் ஒன்றுதான். நாங்கள் கிளம்புவதற்கு முன்பே, இடம் பார்க்க ரிசார்ட்காரர் அனுப்பிய ஆளை, யாரென்று தெரியாமலே அம்மாவும் மற்ற பெண்களும் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதனால் வீட்டம்மாவும் கையெழுத்துப் போடாமல் அட்வான்ஸ் தரமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார்.

அம்மா சண்டை போடவில்லை. எனக்கு அதுதான் சரியாகப் படவில்லை. வியாபாரியிடம் அரை ரூபாய்க்குக் கத்துகிறவள், இதற்கு வாயே திறக்கவில்லையே? அதற்குப் பதிலாக, அப்பா டூட்டிக்குப் போனதும் சமையலறையில் புதுக்கோட்டை மாமாவோடு பேச ஆரம்பித்தாள். மாமாவின் கம்பெனி மூடிக்கிடந்தது. பதினோரு வருடத்துக்கான செட்டில்மென்ட் பணம் வரவில்லை என்று லேபர் கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்தார். பகலெல்லாம் ரூமில்தான் இருப்பார். அம்மா அவரைத் தம்பி என்பாள், அவர் அக்கா என்பார். நான் உள்ளே நுழைந்தால் இருவரும் பேச்சை நிறுத்துவார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தாள் இருக்கும். என்னைக் கண்டதும் அது அம்மாவின் இடுப்பில் மறைந்துவிடும்.

ஒருநாள் வாசலுக்கு வெளியே நின்று கேட்டேன். மாமா சொல்லிக்கொண்டிருந்தார்: "வேலையில இருந்துக்கிட்டே கேட்டா அஞ்சு காசு பேராதுக்கா. நான் போறேன்னு சொன்னாத்தான் கணக்கே பாப்பான்."

"போறேன்னுதான் சொல்லப்போறேன் தம்பி" என்றாள் அம்மா.

எங்கே போகப்போகிறாள்? யாரோடு? அன்று சாயங்காலம் அப்பாவை பக்காலா மளிகைக்கடைக்குத் தயிர் வாங்கக் கூட்டிப்போய், அம்மாவும் மாமாவும் ரகசியமாகப் பேசுகிறார்கள், அம்மா எங்கேயோ போகப்போகிறாள் என்று சொல்லிவிட்டேன். அப்பா தயிரோடு ஒரு சின்னப் பூட்டும் வாங்கினார். நாலு ஆணியில் நின்றுகொண்டிருந்த எங்கள் பலகைக் கதவுக்கு அன்றுமுதல் பூட்டு. மேலே பாதி ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி இருப்பது அவர் கண்ணில் படவில்லை. மாமாவுக்கு டீ கொடுப்பது நின்றது. அப்பா மதியச் சாப்பாட்டு நேரத்தில் சைட்டிலிருந்து மூன்று தடவை போன் செய்து, என்ன செய்கிறாய் என்று என்னிடம் கேட்பார். என்னைக் கேட்கவில்லை என்பது எனக்கும் தெரியும்.

இப்படி ஒருவரையொருவர் வேவு பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

ரிசார்ட்காரர் சென்ட் வாசனையோடு வந்து, ஆப்பிள் பெட்டியை அம்மா முன்னால் வைத்தார். "தங்கச்சிக்கு ஆப்பிள்னா உசுருன்னாங்க" என்று சிரித்தார். அம்மா பெட்டியை அப்படியே கவிழ்த்துப் போட்டு, அடிப்பக்கத்தைக் கிழித்தாள். எங்கள் ஊரில் பெட்டி கட்டுகிற எந்தப் பெண்ணும் மேல்பக்கமாகப் பெட்டியைத் திறக்கமாட்டாள். மேலே பெரிசு, கீழே பொடிசு என்று அடுக்கிப் பழகிய கை அது. அடித்தட்டிலும் எல்லாம் ஒரே அளவு, ஒரே சிவப்பு, ஒரே பளபளப்பு. அம்மா ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்து, திரும்ப வைத்தாள். சூதில்லாத பெட்டி அவளை இன்னும் கலவரப்படுத்தியது என்று நினைக்கிறேன்.

மாமா தடுப்புக்கு அந்தப் பக்கத்து வாசலில் நின்றார். அப்பா கூப்பிடவில்லை. அம்மாதான், சாட்சிக்கு ஒரு ஆள் இருக்கட்டும் என்று கூப்பிட்டாள்.

கையெழுத்துப் போட வேண்டிய தாளை ரிசார்ட்காரர் நீட்டினார். அம்மா தன் இடுப்பிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தாள். அதில் இருந்தது மாமாவின் எழுத்து. அப்பாவும் அதை அடையாளம் கண்டார்.

"கையெழுத்துப் போடுறேன். அதுக்கு முன்னாடி என் செட்டில்மென்ட்டைக் குடுத்துருங்க."

அப்பா சிரித்தார். "எந்தக் கம்பெனியில வேலை பாத்த?"

"உங்க தோட்டத்துலதாங்க. உங்க பேர்லதான இருக்கு."

ஒன்பது வருடச் சம்பளத்தைச் சாப்பாட்டுக்கும் பிள்ளைக்கும் கழித்துக்கொண்டதாகச் சொன்னாள். செட்டில்மென்ட் மட்டும் போதும். இந்த ஊர்ச் சட்டப்படி, முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு இருபத்தொரு நாள், அதற்குமேல் முப்பது நாள். ஆக இருநூற்று இருபத்தைந்து நாள் கூலி. நாளுக்கு முந்நூறு.

அப்பா பட்டென்று குறுக்கே விழுந்தார். "முந்நூறு ஆம்பளைக் கூலி. பொம்பளை ஆளுக்கு நூத்தம்பதுதான் நம்ம பக்கம்."

"கவாத்து வெட்டுனது பொம்பளை வேலையாங்க? ஏணியில நீங்களா நின்னீங்க?"

கூலியில் பேரம் பேசியபோதே அப்பா கடனை ஒப்புக்கொண்டுவிட்டார். அது அவருக்கே கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. அதற்குள் மாமா தரையைப் பார்த்துக்கொண்டே, "லீவு சேலரி விட்டுப்போச்சுக்கா" என்றார்.

"நான்தான் லீவே எடுக்கலையே தம்பி."

"எடுக்காத லீவுக்குத்தான் காசு."

வருடத்துக்கு முப்பது நாள், ஒன்பது வருடம். இன்னும் இருநூற்று எழுபது நாள் சேர்ந்தது. மொத்தம் ஒரு லட்சத்து நாற்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.

ரிசார்ட்காரர் முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பதை நிறுத்தினார், பிறகு தன் தாளை மடித்துப் பையில் வைத்தார். இன்றைக்குக் கூலி கேட்கிற பெண் நாளைக்கு நிலத்தையே கேட்டு வழக்குப் போடுவாள் என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். குடும்பத்துக்குள் பேசி முடித்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு அப்பாவின் போனை எடுக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் அப்பா அந்தப் பூட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மாமாவுக்கு டீயும் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். எனக்கு ஒரே வெட்கம். கணக்குப் பாடத்தைக் களவு என்று நினைத்துவிட்டேனே என்று போர்வைக்குள் அழுதேன். அம்மா எவ்வளவு கெட்டிக்காரி, தோட்டத்தைக் காப்பாற்ற எப்படி ஒரு நாடகம் போட்டாள் என்று ஊர் திரும்பியதும் சித்தியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். சித்தியும் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. கிளம்பும்போது விமான நிலையத்தில் அப்பா அவள் கையில் திணித்த இருநூறு திர்ஹாமை அவள் நோட்டில் வரவு எழுதிக்கொண்டிருந்தாள்.

அது நாடகம் இல்லை என்பது எனக்குப் புரிய வெகுகாலம் ஆனது. செட்டில்மென்ட் வேலையில் இருப்பவர்களுக்குக் கொடுப்பதில்லை. போகிறவர்களுக்குக் கொடுப்பது. அன்று அப்பா அந்தப் பணத்தை எண்ணி வைத்திருந்தால் அம்மா வாங்கிக்கொண்டு போயிருப்பாள். தோட்டத்தை விட்டு மட்டும் இல்லை, அப்பாவை விட்டும். வாசலுக்கு வெளியே நின்று நான் கேட்டது சரிதான். மாமாவைச் சேர்த்துக்கொண்டதுதான் தப்பு.

அப்பா ஊர் திரும்பி மூன்று வருடம் ஆகிறது. அம்மா அவருக்கு ஆம்பளைக் கூலி கொடுக்கிறாள். கவாத்தைக் கோணலாகத்தான் வெட்டுகிறார். சனிக்கிழமை கூலியில் ஒரு பகுதியை எடுத்து நோட்டின் மேல் வைத்துவிட்டுப் போகிறார். நோட்டு இப்போது என் பொறுப்பில். கழித்து எழுதும்போதெல்லாம் எனக்கு, என்றைக்காவது கணக்குத் தீர்ந்துவிட்டால் என்ற பயம். போன சனிக்கிழமை வரைக்கும் எழுதியதில் இன்னும் பாக்கி ஒரு லட்சத்துப் பதினோராயிரத்து முந்நூறு ரூபாய்.